நாக்கில்லாத புல்

உத்திரமேரூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில், நவரைப் பட்டத்துக்கு விட்டிருந்த நாற்றங்கால். நாற்றுக்கு இருபது நாள் வயது இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. நாற்றுப் பறிக்க வந்திருந்த மூதாட்டி ஒருவர், மற்றவர்கள் இறங்குவதற்கு முன்பே குனிந்து, இடையிடையே சில தாள்களை மட்டும் பிடுங்கி வரப்பின் மேல் எறிந்துகொண்டிருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது நெல் நாற்றாகவே தெரிந்தது.

"அது நெல்லு இல்லப்பா, புல்லு" என்றார்.

எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பக்கத்திலிருந்த நெல் நாற்றின் அடித்தண்டை விரலுக்கிடையே வைத்து உருட்டினார், உருண்டது. பிடுங்கிய தாளை அதேபோல் உருட்டினார். அது தட்டையாக இருந்ததால் உருளாமல் புரண்டது. "நடு நரம்பு வெளேர்னு இருக்குது பாரு. தொட்டாலே தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வரப்பில் கிடந்த அந்தத் தாள்களில் பத்துப் பதினைந்தை நனைத்த துணியில் சுருட்டி எடுத்து வந்து கைலென்ஸில் பார்த்தேன். நெல்லின் இலையைத் தண்டிலிருந்து மெதுவாக விலக்கினால், இலைத்தாள் முடிந்து இலையுறை தொடங்கும் மடிப்பில், நனைந்த காகிதம் போன்ற வெள்ளைச் சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும். வளர்ந்த பயிரில் அது விரற்கடை நீளம்கூட இருக்கும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். தாவரவியலார் இதை இலையின் சிறுநாக்கு என்கிறார்கள். அதன் இரு பக்கமும் அரிவாள்போல் வளைந்த, மயிர் முளைத்த இரண்டு காதுகள் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். மூதாட்டி எறிந்த தாள்களில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. இலையும் உறையும் வெளிறிய, வழவழப்பான ஒரு பட்டையில் ஒட்டிக்கொண்டு முடிந்திருந்தன.

உலகில் 11,000க்கும் மேற்பட்ட புல்லினங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சவ்வாகவோ, வரிசையாக நின்ற மயிராகவோ ஏதோ ஒரு நாக்கு இருக்கும். தண்டுக்கும் இலையுறைக்கும் நடுவே மழைநீரும் தூசியும் பூச்சியும் இறங்காமல் காப்பது அதன் வேலை என்பது பொதுவான விளக்கம். நெல் வயலில் நெல்லைப் போலவே நின்றுகொண்டு நாக்கில்லாமல் இருக்கும் புல் என்றால், ஆராய்ச்சியாளர் மனம் முதலில் போய் நிற்கும் பேரினம் ஒன்றுதான்: எக்கினோக்ளோவா. நம் ஊரில் குதிரைவாலி, குதிரைவாலிப்புல் என்று அழைக்கப்படும் கூட்டம். கிரேக்க மொழியில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி, க்ளோவா என்றால் புல். 1812இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பலிசோ த போவுவா இந்தப் பேரினத்தைத் தனியாகப் பிரித்தார்.

ஆனாலும் ஒற்றை அடையாளத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவிடக் கூடாது. நாக்கில்லாத நெல்லும் உண்டு. மரபுப் பிழையால் நாக்கும் காதும் முளைக்காமற்போன நெல் வகைகளை ஆராய்ச்சி நிலையங்கள் நெடுங்காலமாக வளர்த்து வருகின்றன. மறுபுறம், ஏரிக் கரையோரத் தண்ணீரில் மிதந்து படரும் எக்கினோக்ளோவா ஸ்டாக்னினாவின் கீழ் இலைகளில் மயிர்வரிசையாக ஒரு நாக்கு உண்டு. அது பல்லாண்டுப் புல். நாற்றங்காலில் வருவது ஓராண்டுப் புல். இவற்றைப் பிரிக்க, பிடுங்கிப் பார்ப்பதே முதல் சோதனை. ஓராண்டுப் புல்லுக்கு மண்ணுக்குள் ஓடும் கிழங்கோ தண்டோ இருக்காது. நார்வேர்க் கொத்தோடு கையில் வந்துவிடும். ஒரு தூரிலுள்ள அத்தனை கிளையும் கதிர் விடும். அடுத்த ஆண்டுக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளும் மலட்டுக் கிளை இருக்காது. அருகம்புல்லைப் பிடுங்கிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு கையிலேயே இருக்கிறது. அருகு பாதி மண்ணில் தங்கிவிடும். குதிரைவாலி முழுசாக வந்துவிடும். அது தங்குவதெல்லாம் விதையில்தான்.

கோரையைப் புல்லோடு குழப்பிக்கொள்ளும் நகரத்துக் கண்களுக்காக ஒரு வார்த்தை: கோரையின் தண்டு முப்பட்டை, உள்ளே கெட்டி, இலைகள் மூன்று வரிசை. புல்லின் தண்டில் கணு உண்டு, இலைகள் இரண்டே வரிசை. உத்திரமேரூர்ப் பக்கத்து வயலில் யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதிர் வந்த பிறகு வேலை நுணுக்கமாகிறது. நெல்லின் ஒவ்வொரு மணியும் ஒற்றைப் பூவிலிருந்து வருவது. அந்தப் பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் இருக்கும். புல் குடும்பத்தில் அது அபூர்வம், பெரும்பாலான புற்களுக்கு மூன்றுதான். காலையில் நெல் பூத்திருக்கும்போது லென்ஸை வைத்து எண்ணிப் பார்க்கலாம். குதிரைவாலிப்புல்லின் சிறுகதிரில் இரண்டு பூக்கள் அடுக்கப்பட்டிருக்கும். கீழ்ப்பூ பெரும்பாலும் மலடு, அல்லது ஆண்பூ. மேற்பூதான் மணியாகும். சிறுகதிரின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைத்திருக்கும். அடிச்செதில் குட்டை, இரண்டாம் செதில் சிறுகதிரின் நீளத்துக்கு இருக்கும். எல்லாவற்றையும் உரித்துவிட்டு உள்ளே போனால், மேற்பூவின் கெட்டியான, பளபளக்கும் உமி வரும். அந்த உமி தழுவிக்கொண்டிருக்கும் உட்செதிலின் கூர்நுனி மட்டும் வெளியே மடங்கி எட்டிப்பார்க்கும். பேரினத்தை உறுதி செய்யும் முத்திரை இதுதான். ஊசி முனையால் உரித்து இதைப் பார்க்க எனக்கு அன்று ஏழெட்டுச் சிறுகதிர்கள் வீணாயின. கடைசியில் தெரிந்தபோது வந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம்.

இனி, எக்கினோக்ளோவாக்களில் எது? நம் வயல்களில் முக்கியமாக இரண்டு. எக்கினோக்ளோவா கொலோனா சிறியது. கதிரின் கிளைகள் ஒவ்வொன்றும் 1 முதல் 3 சென்டிமீட்டர், தண்டோடு ஒட்டினாற்போல் தள்ளித்தள்ளி நிற்கும். சிறுகதிர்கள் 2 அல்லது 3 மில்லிமீட்டர்; மீசை கிடையாது. அவை கிளையில் நான்கு ஒழுங்கான வரிசையாக அடுக்கியிருக்கும், யாரோ உட்கார்ந்து கோத்தது போல. சில செடிகளின் இலையில் குறுக்காகச் செவ்வூதா நிறப் பட்டைகள் ஓடும். அப்படிப்பட்ட செடியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். எக்கினோக்ளோவா க்ரஸ்-காலி அதைவிடப் பெரியது, முரடு. கிளைகள் நீளம், சில சமயம் மீண்டும் கிளைக்கும். சிறுகதிர் 3 முதல் 4 மில்லிமீட்டர், விறைத்த மயிர் போர்த்தியது, பெரும்பாலும் நீண்ட மீசையோடு. வரிசை ஒழுங்கு அதற்குக் கிடையாது. அதன் இலத்தீன் பெயருக்குச் சேவலின் கால் என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது எக்கினோக்ளோவா கிளாப்ரெசென்ஸ். ஆசிய நெல் வயல்களில் அதிகம் காணப்படுவது. மலட்டுக் கீழ்ப்பூவின் உமி புடைத்துப் பளபளக்கிறதா என்று பார்த்து அதைப் பிரிக்கிறார்கள்.

மூதாட்டி பிடுங்கிய நாற்றுகளில் சிலவற்றைத் தொட்டியில் நட்டு வைத்தேன். கதிர் வந்தபோது நான்கு வரிசை, மீசை இல்லை, இரண்டரை மில்லிமீட்டர். கொலோனா.

தமிழ்நாட்டுப் புற்களை இப்படி ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, எளிய நூலாக்கித் தந்தவர் கே. ரங்காச்சாரி. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அவர், தாடுலிங்க முதலியாரின் உதவியோடு தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேட்டை 1921இல் வெளியிட்டார். எட்கர் தர்ஸ்டனோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் உழைத்த அதே ரங்காச்சாரிதான். மக்களை வகைப்படுத்திய அந்த நூலை இன்று பல கேள்விகளோடுதான் படிக்க முடிகிறது. புற்களைப் பற்றிய நூலை இன்றும் வயலுக்கு எடுத்துப் போகலாம். அதில் நம் குதிரைவாலிப்புற்கள் பழைய பேரினப் பெயரான பானிக்கத்தின் கீழ் வருகின்றன. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் 1915இல் தொடங்கிய பெருநூலை அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்தார். புல் குடும்பத்தை எழுதியவரும் ஃபிஷர்தான். உலர்த்தி ஒட்டிய மாதிரிகளைப் பார்க்க விரும்புவோருக்குக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது.

கொலோனா என்ற பெயரை யார், எந்தச் செடியைப் பார்த்து வைத்தார்கள் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1759இல். அவர் கையில் இருந்த மாதிரி வந்த இடம் ஜமைக்கா. அயர்லாந்து மருத்துவர் பாட்ரிக் பிரவுன் அந்தத் தீவில் சேகரித்த செடிகளின் தொகுப்பு லின்னேயஸிடம் வந்து சேர்ந்தது. அதிலிருந்த ஒரு தாள் இந்த இனத்துக்கே ஆதார மாதிரியாகிவிட்டது. ஆனால் கொலோனா அமெரிக்கக் கண்டத்துப் புல் அன்று. ஆசியா, ஆப்பிரிக்காவின் வெப்ப நிலங்கள்தாம் அதன் தாயகம். கடல் கடந்து போய், மேற்கிந்தியத் தீவுகளில் வேரூன்றி, யாரும் விதைக்காமலே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, அந்த மண்ணின் செடி போலவே ஆகிவிட்ட நிலையில் அதைப் பிரவுன் பறித்திருக்கிறார். வந்து தங்கி இயல்பாகிப்போன செடி என்று தாவரவியலார் சொல்வது இதைத்தான். சொந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் மிதித்தும் பிடுங்கியும் பழகிய ஒரு புல்லுக்கு, அது வந்தேறியாக இருந்த இடத்தில்தான் முதன்முதலில் அறிவியல் பெயர் கிடைத்தது. இலத்தீனில் கொலோனஸ் என்ற சொல்லுக்கு உழவன் என்றும் பொருள், குடியேறியவன் என்றும் பொருள். இரண்டும் இந்தப் புல்லுக்குப் பொருந்துகின்றன.

இந்தப் புல்லைப் பற்றிப் பேசும்போது எங்கே நின்று பேசுகிறோம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கலிபோர்னியாவிலும் மேற்கிந்தியக் கரும்புத் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இது அயல் புல். ஆஸ்திரேலியாவில் கிளைஃபோசேட் களைக்கொல்லிக்கே சாகாத கொலோனாக்கள் 2007இலேயே கண்டறியப்பட்டன. உத்திரமேரூரில் இது அயல் புல் இல்லை. இங்கே இதன் கதை வேறு: நெல்லோடு சேர்ந்து வாழ்ந்த கதை, மனிதக் கையோடு பழகிய கதை.

ரஷ்யத் தாவர விஞ்ஞானி வவிலோவ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்றைக் கவனித்தார். கம்புக்கோதுமை எனப்படும் ரை, ஒரு காலத்தில் கோதுமை வயலின் களை. கோதுமையைப் போல இல்லாத ரைச் செடிகளை உழவர் பிடுங்கிவிட, கோதுமையைப் போல இருந்தவை மட்டும் தப்பித்தன. தப்பித்தவற்றின் விதை கோதுமை விதையோடு கலந்து அடுத்த விதைப்புக்குப் போனது. இப்படியே பல தலைமுறை கழிந்தபின் களையே பயிராகிவிட்டது. களை எடுப்பவர் கண்ணை ஏமாற்றத் தெரிந்த செடி பிழைக்கும் என்ற இந்த இயக்கத்துக்கு வவிலோவின் பெயரையே பின்னாளில் வைத்தார்கள். 1983இல் கனடாவின் ஸ்பென்சர் பாரெட், கலிபோர்னிய நெல் வயல்களின் எக்கினோக்ளோவாக்களைச் சான்றாக வைத்துப் பயிரைப் போல வேடமிடும் களைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

நெல்லைப் பொறுத்தவரை அதிக உறுதியான சான்று சீனாவிலிருந்து வந்தது. 2019இல் சீன ஆய்வாளர்கள் யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து 328 க்ரஸ்-காலிச் செடிகளைச் சேகரித்து மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். நெல்லைப் போல நிமிர்ந்து நிற்பவை ஒரு பக்கம், படர்ந்து சாய்ந்து நிற்பவை இன்னொரு பக்கம். வேடமிடாத செடிகளின் அடித்தண்டு செவ்வூதா. வேடமிட்டவற்றின் அடித்தண்டு நெல்லைப் போலவே பச்சை. தூர் எந்தக் கோணத்தில் விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் மனிதத் தேர்வின் தடம் பதிந்திருந்தது. இந்த வேடம் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன், சீனாவில் சோங் அரச காலத்தில் நெல் சாகுபடி பெருகியபோது உருவானது என்று அவர்கள் கணித்தார்கள்.

1000 ஆண்டு என்றதும் உத்திரமேரூர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு யார் தகுதி, யார் தகுதியற்றவர், எத்தனை வயது, எவ்வளவு நிலம் என்று அத்தனை நுணுக்கமாக எழுதி வைத்த ஊர் அது. பல்லவர் காலம் தொட்டு வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரி அந்த ஊரின் உயிர். கல்வெட்டில் புல்லைப் பற்றிய பேச்சு இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஏரியைப் பற்றி அவர்கள் எடுத்துக்கொண்ட கவலையில் புல்லும் அடக்கம் என்றே நான் படிக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

வயலில் தேங்கி நிற்கும் நீர் நெல்லுக்கு உணவூட்டுவதோடு களையையும் அடக்குகிறது. கொலோனாவின் விதை முளைக்க ஈரம் வேண்டும், காற்று வேண்டும், ஒளியும் பட வேண்டும். மேலே விரற்கடை அளவு நீர் சீராக நின்றால் அது பெரும்பாலும் எழுவதில்லை. உழுது பரம்படித்துச் சமப்படுத்திய வயலில், மேடு பள்ளம் இல்லாமல் நீர் நிறுத்தினால் களையெடுப்பு பாதியாகிவிடும் என்பதை அங்கே எந்த உழவரும் சொல்வார். க்ரஸ்-காலி இன்னும் அழுத்தக்காரப் புல். அதன் சில வகைகள் பிராணவாயுவே இல்லாத சேற்றிலும் முளைக்கும் என்பது ஆய்வகத்தில் நிரூபணமானது. நீரை மீறி வருவது பெரும்பாலும் அதுதான். எனவே நீர் நிறைந்த ஆண்டில் ஒரு புல், நீர் குறைந்த ஆண்டில் இன்னொரு புல். ஏரி வற்றி, ஆடி மழையை நம்பிப் புழுதியில் நேரடியாக விதைத்த வயலில் முதலில் தலை காட்டுவது கொலோனா. வயலில் எந்த எக்கினோக்ளோவா மிகுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அந்த ஆண்டு ஏரி எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கொலோனாவுக்கு வெயிலும் துணை. அதன் இலை, கரும்பும் சோளமும் போல, கடும் வெயிலில் குறைந்த நீரைச் செலவழித்து அதிக மாவுச்சத்துச் செய்யும் வகையைச் சேர்ந்தது. நெல் அந்த வகை அன்று. சொர்ணவாரிப் பட்டத்து வெயிலில் இரண்டும் ஒரே சேற்றில் நின்றால் எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதற்கான உடலமைப்புகூட மங்கலாகத் தெரியும்: நரம்புகள் நெருக்கி நெருக்கி ஓடும். அந்த மூதாட்டி சொன்ன வெளேர் நடுநரம்பும் சேர்ந்துகொண்டால், பூக்காத செடியையும் நம்பிக்கையோடு பிரிக்கலாம்.

நாற்று நடும் வயலில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. நாற்றங்காலில் தப்பிய குதிரைவாலி, நெல் நாற்றோடு சேர்ந்து முடியில் கட்டப்பட்டு, நடவு வயலுக்குப் போய், நடவுப் பெண்ணின் கையாலேயே ஊன்றப்படுகிறது. அதன் பிறகு அது நெல் தூரின் நடுவில் நெல்லாகவே நிற்கும். கை எந்தச் செடியைக் கண்டுபிடிக்கவில்லையோ அந்தச் செடியின் விதையே மண்ணில் விழும். கண் கூர்மையான ஊரில் வேடமும் கூர்மையாகும். யாங்சிப் படுகையில் மரபணுவில் படித்துக் காட்டிய அதே தேர்வை நம் நாற்றங்கால்களின் பெண்களும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்கள். தாவரவியல் நூல்கள் எழுதும் அடையாளக் குறிப்புகளில் அவர்கள் விரல்களுக்கும் பங்கு இருக்கிறது. தட்டைத் தண்டையும் சிவந்த அடியையும் பார்த்து அவர்கள் பிடுங்கிப் பிடுங்கித்தான் மற்ற வடிவங்கள் வயலில் மிஞ்சுகின்றன. நாக்கை மட்டும் இந்தப் புல்லால் போலி செய்ய முடியவில்லை. அது மடிப்புக்குள் மறைந்திருப்பதால், வேகமாக ஓடும் கை அதைப் பார்ப்பதில்லை. பார்க்காத உறுப்பின் மேல் தேர்வும் நடப்பதில்லை. லென்ஸோடு வரும் ஆராய்ச்சியாளருக்கு அந்த உறுப்பு இன்றுவரை பொய் சொல்லாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

வரிசை நடவு வந்ததும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. கயிறு பிடித்துச் சம இடைவெளியில் நட்டால், வரிசைக்கு வெளியே முளைத்தது எதுவானாலும் களை. கோனோவீடர் என்னும் களைக் கருவியை உருட்டிக்கொண்டு போகலாம். அங்கே செடியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இடமே காட்டிக்கொடுத்துவிடும். நேரடி விதைப்பில் அந்த வசதி இல்லை. ஆள் கூலி கட்டாமல் உழவர்கள் இயந்திர விதைப்புக்கும் களைக்கொல்லிக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே மருந்தை ஆண்டுக்காண்டு அடிக்கும் வயலில், கண்ணை ஏமாற்றிய புல்லின் இடத்தில் மருந்தை ஏமாற்றும் புல் வரும். உலகின் பல நெல் நாடுகளில் அது வந்துவிட்டது.

இவ்வளவு பிடுங்கி எறியும் புல்லின் நெருங்கிய உறவைத்தான் நாம் இன்று கடைகளில் விலை கொடுத்து வாங்குகிறோம். குதிரைவாலி அரிசி எக்கினோக்ளோவா ஃப்ருமென்டேசியாவின் மணி. மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரிக் கரிசலில் அது காலங்காலமாக விளைகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதில் எம்டியு 1 போன்ற இரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அதன் மதிப்பு இன்னும் ஏறியது. இந்தக் குதிரைவாலி எந்தக் காட்டுப்புல்லிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தந்தவர் ஜப்பானிய ஆய்வாளர் யாபுனோ. 1960களில் அவர் செய்த கலப்புச் சோதனைகளில், இந்தியக் குதிரைவாலியைக் கொலோனாவோடு கலந்தால் பிறந்த செடி விதை வைத்தது. ஜப்பானியக் குதிரைவாலி க்ரஸ்-காலியோடு கலந்து விதை வைத்தது. இந்தியக் குதிரைவாலியும் ஜப்பானியக் குதிரைவாலியும் கலந்து பிறந்தவை மலடாகிவிட்டன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு தானியங்கள், இரண்டு நாடுகளில், இரண்டு களைகளிலிருந்து தனித்தனியாகப் பிறந்தவை. நான்குக்குமே குரோமோசோம் எண்ணிக்கை 54 என்பதால் எண்ணிக்கையை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெயர்களில் ஒரு எச்சரிக்கை தேவை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குச் சமைக்கும் சாமா அரிசி, குதிரைவாலி இனத்தைச் சேர்ந்தது. நம் சாமை வேறு. அது பானிக்கம் சுமத்ரென்ஸ் என்னும் வேறு பேரினம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் கடைப் பொட்டலங்களிலும் சமையல் குறிப்புகளிலும் இரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. தெலுங்கு பேசும் வீடுகளில் குதிரைவாலிக்கு ஊதலு என்று பெயர். ஐயம் வந்தால் மணியைப் பார்த்துத் தெளிவது கடினம், கதிரைப் பார்த்தால் எளிது: சாமையின் கதிர் நெல்லைப் போல விரிந்து தொங்கும், குதிரைவாலியின் கதிர் கிளை நெருங்கி ஒருங்கே திரண்டு நிற்கும்.

அறுவடைக்குச் சில நாள் முன்பு அதே வயலுக்கு மீண்டும் போனேன். நெல் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. இடையிடையே தப்பி நின்ற கொலோனாவின் கதிர்களைத் தேடிப் பறித்தேன். நெல்லுக்கு முன்பே அவை முற்றிவிட்டிருந்தன. சிறுகதிர்கள் அடிச்செதிலோடு சேர்ந்து, காம்பின் மேல் மூட்டில் முறிந்து விழுந்துபோய், கிளைகளில் வெறும் பற்கள் மட்டும் நான்கு வரிசையாக மிஞ்சியிருந்தன. வீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விருதுநகர்ப் பக்கத்துக் குதிரைவாலிக் கதிர் ஒன்று காய வைத்திருந்தேன். கிளைகள் உள்வளைந்து, மணிகள் பருத்து, எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தன. கதிரைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினேன். ஒன்றிரண்டு மட்டும் உதிர்ந்தன. அந்த மூட்டு முறிவதா, பிடித்துக்கொள்வதா என்பதைத் தவிர இரண்டு கதிர்களுக்கும் நடுவே என் லென்ஸில் பெரிதாக வேறொன்றும் தெரியவில்லை.